கே, ஏ

மவுஸ் செத்துப்போன ஆடி மாதத்தில்தான்
விரல்களை நம்ப ஆரம்பித்தேன்.
சேலம் குகையில், இரும்புக் கடைக்கும்
தட்டுவடை செட் வண்டிக்கும் நடுவே
எட்டுக்குப் பத்தில் எங்கள் டிடிபி கடை.
புதுசு நாளைக்கு வந்துரும் என்றார் ஓனர் அருமைராஜ்.
அவருடைய நாளைக்கு
எந்தக் கிழமையிலும் வராது.

ஆல்ட்டை அழுத்தியபடி ஸ்பேஸைத் தட்டினால்
திரை நடுவே சின்னப் பெட்டி எழும்,
வெள்ளையாக, ம் சொல்லு என்பதுபோல.
எம், யூ: முகூர்த்தப் பத்திரிகை, மஞ்சள் ஓரம்.
பி, ஓ, ஓ: பூப்புனித நீராட்டு விழா.
பி, ஐ: பிறந்தநாள் ஃப்ளெக்ஸ்,
கும்பிட்ட கையோடு வட்டச் செயலாளர்.
எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் என்று
நான் மறந்து மூன்று மாதமாகிறது.
வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள்
திறந்து வைத்திருப்பேன்.
கொஞ்சம் திமிர்தான்.

பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு.
அடிக்கடி கேட்பதை
மேலே தூக்கி வைத்துக்கொள்ளும்.
நாம் சொல்லித்தர வேண்டியதில்லை,
பார்த்துக்கொண்டே இருக்கும்.

கே, ஏ என்றால் காதணி விழா.
கண்ணீர் அஞ்சலியும்
கே, ஏதான்.

புரட்டாசியில் ஊருக்குள் ஏதோ காய்ச்சல்.
பதினோரு நாளில் பதினேழு போஸ்டர் அடித்தோம்.
அது முடிந்த வாரம்
கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார்,
இடுப்பில் குழந்தை,
மொட்டைத் தலையில் காயாத சந்தனம்.
நல்லா பெருசா போடணும் தம்பி,
மாமன் சீர்னு தெரியணும் என்றார்.
கே. ஏ. என்டர்.

கறுப்பு ஓரம். ரெண்டு குத்துவிளக்கு.
நடுவில் முகத்துக்காகக் காத்திருக்கும்
வெறும் முட்டை வட்டம்.
குழந்தை அதில் விரல் வைத்து
மாமா என்றது.

அட்வான்ஸ் இருநூறைத்
திருப்பிக் கேட்கக்கூட அவர் நிற்கவில்லை.

அன்றிரவே பெயரை மாற்றினேன்.
வெறும் இசட்.
கீபோர்டின் இடது மூலை,
சுண்டு விரலுக்கு மட்டும் எட்டுகிற பள்ளம்.
தூரத்தில் வைத்தாயிற்று என்று நினைத்தேன்.
ஒரே எழுத்தானதில்
கல்யாணம், சீர், கட்சி எல்லாவற்றையும் முந்தி
அது கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்கழி. மணி எட்டே முக்கால்.
பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே
குனிந்து வந்தார்,
உருக்காலை ஷிப்ட் சட்டையோடு ஒருவர்.
வீட்டுல... என்று ஆரம்பித்தார்.
சுண்டு விரல் அதற்குள் போய்விட்டது.

திரையைப் பார்த்தார்.
இவ்ளோ சீக்கிரமா என்றார்.

என்னையா, திரையையா,
அந்த அம்மாவையா,
இன்றுவரை தெரியாது.

பேர் சௌந்தரவல்லி.
வல்லின்னுதான் கூப்பிடுவோம்,
ரெண்டையும் போடுங்க.
போனில் ஒரே ஒரு படம்:
ஏற்காடு, லேடீஸ் சீட், கம்பிக்குப் பின்னால் பனி,
பக்கத்தில் நிற்கும் இவர்.

பனியிலிருந்து தலைமுடியைப் பிரிக்க
எந்த எழுத்தைத் தட்டுவது?
எதிர் ஜெராக்ஸ் கடையில்
ஒரு மவுஸ் கடன் வாங்கி வந்தேன்.
நானூறு சதவீதம் பெரிதாக்கி
புள்ளி புள்ளியாக வைத்துப் போனேன்:
நெற்றி, காது மடல்,
காதோரம் பறந்த ரெண்டு முடி, கழுத்து.
அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.
வெளியே வண்டிக்காரர்
பீட்ரூட் துருவலை மூடிக் கொண்டிருந்தார்.

தோளுக்கு வந்தபோது அங்கே நான்கு விரல்.
ஒன்றில் மோதிரம். நகத்தில் ஆலைக் கறுப்பு.

வெட்டட்டுமா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
அடுத்த புள்ளியை
விரல்களுக்கு வெளியே தள்ளி வைத்தேன்.

காலையில் ஐந்து ரோடு பாலத்துத் தூண்களில்
பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.
முப்பது வல்லி.
ஒவ்வொரு தோளிலும்
யாருடையது என்று எழுதாத நான்கு விரல்.