முட்டுக்கல்

கல்லட்டி இறக்கத்தில் முப்பத்தாறு வளைவு.
இருபது வருஷமாகப் பயந்துதான் ஓட்டினேன்.
பயப்படாதவன் கையில் மினிபஸ்ஸைக் கொடுக்கக் கூடாது
என்பது என் கட்சி.
உள்ளங்கை வேர்க்கும், கால் தானாகவே பிரேக்கைத் தேடும்,
இரண்டாம் கியரில் வண்டி உறுமி உட்காரும்.
மசினகுடியில் ஒரு டீ.
ஆட்களோடு ஆளாக அதுவும் இறங்கிப் போய்விடும்.

போன ஐப்பசியில் ஒருநாள்
அது இறங்கவில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
கரடி குறுக்கே வரவில்லை, மண் சரியவில்லை.
தலைக்குந்தா வீட்டில், சமதரையில்,
தட்டில் சோறு, பலகையில் நான்,
இருபத்தேழாம் வளைவில் நெஞ்சு.

ராத்திரி எழுந்து போனேன்,
பின்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்தேனா என்று பார்க்க.
வைத்திருந்தேன்.
வந்து படுத்தேன். பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா?
மறுபடி ஸ்வெட்டர், டார்ச்.
தையில், உறைபனி செருப்படியில் நொறுங்க நொறுங்க,
ஒரு ராவுக்கு நாலு தடவை.
ரெஜினா கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்தாள்.
ஜன்னலில் நின்றே விடிந்தது.

ஈசிஜி சுத்தம். தைராய்டு சுத்தம்.
"வாயுதான்" என்றார் ஒருவர்.
கண்டக்டர் பெள்ளிதான் சொன்னான்:
"அண்ணா, இப்பல்லாம் நேர் ரோட்டுல ஹாரன் அடிக்கிறீங்க."

ஊட்டி பெரியாஸ்பத்திரி, பதினேழாம் நம்பர் அறை.
எதற்குப் பயம் என்று டாக்டரம்மா கேட்கவில்லை.
எத்தனை மாசமா? எட்டு.
வாரத்துல எத்தனை நாள்? சிரித்துவிட்டேன்.
பிறகு பேனாவை மூடிவிட்டு,
"இதனால எதையெல்லாம் விட்டுட்டீங்க?"

டூட்டியை. பஸ்ஸில் பின்சீட்டில் ஏறுவதைக்கூட.
மகள் கூடலூரில் ஓடி வாங்கிய கப்பை
போனில்தான் பார்த்தேன்.
பெள்ளி தங்கச்சி கல்யாணம்.
ரேடியோ வைத்துச் சவரம் பண்ணுவது.
சொல்லச் சொல்ல நீண்டது.
இவ்வளவு பேரையா வழியில் இறக்கிவிட்டேன்,
அது ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு?

"பயம் நோயில்லை. வளைவு முடிஞ்ச பிறகும்
பிரேக்லயே கால் இருந்தா
லைனிங் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க."
கருகும், என்றேன்.
அந்த வாடை எனக்குத் தெரியும்.

சாப்பிட்ட பின் மாத்திரை. புதன்தோறும் பேச்சு.
போகாமல் இருந்து பார்க்கணுமாம்,
பத்து நிமிஷம், அப்புறம் இருபது.

இப்போது வேறொருவன் ஓட்டுகிறான், நிறுத்துவதும் அவன்தான்.
நேற்றும் டார்ச்சோடு வாசல் வரை போனேன்.
ஆடிச் சாரல். நின்றேன்.
கால் விறைக்கும்வரை நின்றேன். திரும்பினேன்.

கல் இருந்ததா?
தெரியாது.
கொஞ்சம் தூங்கினேன்.