கலம் 14: இதர

ஒரு படிவத்துக்கு முப்பது ரூபாய் எனக்கு.
மூக்கையூர்க் கரையில் இது பதினோராவது.

"கடல் எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கு?"

பாசி பரப்பிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு
"மூணு அடிபம்பு" என்றாள் இன்னாசியம்மா.

முதலாவது மாதா கொடிமரத்துக்குக் கிழக்கே.
அதன் குழாய் இப்போது அலைக்குள் நிற்கிறது,
ஒரு நீர்க்காகம் உட்காரும் அளவுக்கு.
இரண்டாவது கரித்தது சின்னவன் பிறந்த வருஷம்.
மூன்றாவது போன ஐப்பசியில்.
இனி டிராக்டர் தண்ணீர்தான், வந்தால்.

டேப்லெட்டுக்கு எண் மட்டும் வேண்டும்.
3 என்று போட்டால் மூன்று மீட்டர் ஆகிவிடும்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
3 என்றே போட்டேன்.

மனை விவரம் கேட்டேன்.
டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டா வந்தது,
பாலிதீன் உறைக்குள்,
இந்த வருஷம் வரைக்கும் கட்டிய வீட்டுவரி ரசீதுகளோடு.
சர்வே எண்ணைத் தட்டினேன்.
புள்ளி நீலத்தில் போய் நின்றது.
'நிலப்பகுதியில் உள்ள இடத்தைத் தேர்வு செய்யவும்.'

"ரெண்டாயிரத்து ஐம்பதுக்குத் திட்டம் போடுறீகளாம்ல?
எனக்கு வர்ற தைக்குள்ள குழுக்கடன் அடையணும் தம்பி.
அதுக்கொரு கட்டம் இருக்கா?"

இருந்தது. 'இதர'. நாற்பது எழுத்து.
மூன்று அடிபம்பு, கடலுக்கு வீட்டு வரி,
அதோடு நிரம்பிவிட்டது.

வண்டியை உதைக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"புயல் மையம் பூட்டியே கெடக்கு.
அந்த மாடியில பாசி காயப்போட்டா
மழைக்கு ஒரு சாக்குகூட அழுகாது.
சாவி யாருகிட்ட இருக்குன்னு
அதையும் போடுங்க."