டெனர் கிடைப்பது கஷ்டம்

செவ்வாய்க்கிழமை, ஏழரை மணி.
பிர்னா நகரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்,
ரப்பர் பாய்களின் வாடை, சுருட்டிக் கட்டிய கயிறுகள்.
நீங்கள் இசைக்கவையை முழங்காலில் தட்டிக்
காதோரம் பிடித்துக்கொண்டு
எங்கள் முகங்களைப் பார்ப்பீர்கள்
கடன் கொடுத்தவர் பார்க்கிற மாதிரி.
"இன்றைக்கும் அரைச்சுரம் இறங்கித்தான் முடிப்பீர்கள்.
எவ்வளவு மெதுவாக இறங்குகிறீர்கள், பார்ப்போம்."

பகலில் பள்ளிக்கூடத்து இசை டீச்சர்.
மாலையில் சமையலறையில் தனி வகுப்பு:
பல்லிடுக்கில் ஒயின் புட்டியின் தக்கை,
தரையில் மல்லாந்தவர் வயிற்றின் மேல்
ரஷ்ய அகராதி, இரண்டாம் பாகம்.
"அது ஏறி இறங்கட்டும். தோள் அசையக் கூடாது."
செயற்கைப் பல் செய்கிறவன் நான்.
எனக்கு விலா எலும்புகள் இருப்பதையே
முப்பத்தொரு வயதில் அந்தத் தரையில்தான் தெரிந்துகொண்டேன்.
சுவரோரம், உங்கள் கணவர் விட்டுவிட்டுப் போன பியானோ.
அதையும் கூட்டிப் போயிருக்கலாம் என்பீர்கள்,
அதுவும் ஒருநாளும் சுருதியில் நின்றதில்லை.
அடுப்பில் காபி. மேற்கத்திக் காபி.
ஹனோவரிலிருந்து தங்கை அனுப்பியது.
அதையும் எழுதினேன்.

மாதம் ஒருமுறை, ரயில் நிலையத்துக்குப் பின்னால்
திரை போட்ட ஓர் அறை.
அதிகாரி எனக்கு வைத்த பெயர் மீன்கொத்தி;
அவருக்குப் பறவைகளில் ஆர்வம்.
நீல மையில் எழுதிக் கொடுத்தேன்:
மே தினப் பாட்டின் மூன்றாம் சரணத்தை
வாய்மூடி முனகச் சொன்னார்.
ஆல்ட்டோக்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம்.
ஆல்ட்டோக்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

எண்பத்து நான்கில் அந்தத் தங்கை இறந்தாள்.
எல்லை தாண்ட அனுமதி கேட்டீர்கள்.
தரவில்லை.
அந்தச் செவ்வாயும் வந்தீர்கள்.
கவையை எடுக்க மறந்து
வெறும் கையைக் காதோரம் பிடித்தபடி நின்றீர்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் உங்கள் கோப்பைப் படித்திருக்கிறீர்கள்.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் வந்து,
"எக்கார்ட், எண்பத்திரண்டு அக்டோபர் பயிற்சி
எட்டு மணிக்குத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள்.
ஏழரைக்குத் தொடங்கினோம்.
நீங்கள் தாமதமாக வந்தீர்கள்."

என் கையில் நான்கு நாற்காலிகள்.

அடுத்த வாரம் போகக் கூடாது என்றிருந்தேன். போனேன்.
விஷயம் கசிந்திருந்தது.
சொப்ரானோ வரிசையிலிருந்து ஒருத்தி
என் காதில் விழும்படியே கேட்டாள்,
இவனை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?
முப்பத்தாறு பேர். அதில் டெனர் இரண்டு.
"டெனர் கிடைப்பது கஷ்டம்" என்று
பக்கத்தைப் புரட்டினீர்கள்.

மன்னித்தீர்களா, தெரியாது.
பேஸ் பாடும் கசாப்புக்கடை லீபர்ட்டைக்கூட
மூன்றாம் மாதமே 'நீ' என்றீர்கள்.
நமக்குள் நாற்பது வருடமும்
நீங்கள், நீங்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் எல்பே நதி
கூடத்துக்குள் வந்து அலமாரியைத் திறந்தது.
சேறு குடித்த சுரத்தாள்களை
உங்கள் மாடியில் கொடி கட்டித்
துணிக் கிளிப் மாட்டிக் காயவைத்தோம்.
பேனாவில் எழுதியதெல்லாம் நீலத் தேமல்.
பென்சில் மட்டும் நின்றது:
மூச்சுக்கு நீங்கள் போடும் சின்னக் காற்புள்ளிகள்,
'மெல்ல', 'இன்னும் மெல்ல', 'அய்யோ'.

மார்ச்சில் உங்களைப் புதைத்தோம்.
பனி தூவிக்கொண்டிருந்தது, பாடினோம்.
முடிந்ததும் லீபர்ட் கவையைத் தட்டிப் பார்த்தான்.
முழுச்சுரம் இறங்கியிருந்தோம்.
ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்,
குழியருகே நின்றபடி.

உங்கள் மருமகள் தாள்களை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்தாள்.
என்னுடையதில் ஓரங்கள் இன்னும் சேற்று நிறம்.
டெனருக்குப் பதினோரு கட்டம் மௌனம் வருகிற இடத்தில்
உங்கள் பென்சில்:
"எக்கார்ட், இங்கே வாயைத் திறக்காதே."

திறக்காதீர்கள் அல்ல.

கோப்பைப் படிப்பதற்கு முன்பா, பின்பா,
தேதி போடும் பழக்கம் உங்களுக்கு இல்லை.
அதெல்லாம் என் வேலை.
சமையலறையில் தாளை விரித்துவைத்து
எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
ஏழு, எட்டு.