நூற்றுப் பதினேழாம் குப்பி

தட்டை முகரக் கூடாது என்பது விதி.
முகராமலே மூக்கு முந்திக்கொள்ளும்.
திராட்சை வாடையா, சூடோமோனாஸ்.
இது கிளெப்சியெல்லா. வாடை போதாது.
கம்பியால் தொட்டு மேலே இழுத்தால்
வெண்டைக்காயை அரிந்த கத்தி போல
நூல் கட்டிக்கொண்டு வரும்.

இளங்கண்ணன், முப்பத்து நான்கு, வடுவூர்.
கதிர் அறுக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர்.
மார்கழிக் கடைசியில் ஈறில் ரத்தம்.
தையில் எலும்புக்குள் வலி.
அறுப்புத் தூசிதான் என்று
இன்னும் அறுபது மா அறுத்துவிட்டுத்தான்
தஞ்சாவூர் பேருந்தில் ஏறினார்.

மஜ்ஜையில் எண்பது விழுக்காடு
முதிராத அணுக்கள் என்றார் வார்டு மருத்துவர்.
"பதர்னு சொல்லுங்க" என்றார் இவர்.
"தூத்துறப்ப நல்ல நெல்லும் சேந்து போயிருமா?"
"போகும். கொஞ்ச நாளைக்கு எதுவுமே இருக்காது."
"அந்தக் கொஞ்ச நாளைக்குக் காவல் யாரு?"

அந்தக் கேள்விக்குத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள். காவல் அணுக்கள் நாற்பது.
ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையக் கூடாத இடத்தில்
நாற்பது.
நள்ளிரவில் நூற்று மூன்று காய்ச்சல்.
ரத்தம் ஏந்திய போத்தல்
ஒன்பதே மணி நேரத்தில் இயந்திரத்துக்குள் கூவியது.
சீக்கிரம் கூவினால் நல்ல சேதி இல்லை.

மருந்து வில்லைகள் பன்னிரண்டு வைத்தேன்.
பலிக்கும் மருந்தைச் சுற்றி
ஒரு வெற்றிடம் தெளியும்; அதை அளப்பேன்.
மறுநாள் அளக்க ஒன்றுமில்லை.
வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு
சாம்பல் நிற நாற்றங்கால்.
வார்டுக்குப் போன் அடித்தேன்.
கட்டில் காலியாகி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.
இங்கேயும் நாற்பது.

சேர்ந்த நாளிலேயே மலவாயில் துடைத்தெடுத்த பஞ்சு
என்னிடம் இருந்தது.
அதே கிருமி.
வார்டு கொடுத்ததல்ல, ஊரிலிருந்தே
வயிற்றில் சுமந்து வந்திருக்கிறார்.
ஏரித் தண்ணீர், வடவாற்று மதகு, கறிக்கடைக் கால்வாய்,
அவர் இயந்திரத்தில் தொங்கிய தண்ணீர்க் கேன்.
பதினெட்டு மாதிரிகள். ஒன்றில் இருந்தது.
ஒன்றை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.
எது என்று இங்கும் சொல்லப்போவதில்லை.

புயல் வந்த வாரம் மூன்று நாள் மின்சாரம் இல்லை.
டீசல் தீர்ந்து, மைனஸ் எண்பது
மைனஸ் முப்பத்தொன்றுக்கு ஏறிவிட்டது.
விழுந்த தென்னைகளைச் சுற்றிச் சுற்றி
ஒரத்தநாடு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.
சினை ஊசி போடும் ஜெபமாலை சார்
ஆவி பறக்கும் திரவ நைட்ரஜன் கலத்தைத் திறந்தார்.
ஜெர்சிக் காளைகளின் விந்துக் குச்சிகளுக்கு நடுவே
என் குப்பிகளைச் செருகினோம்.
விதிப்படி தவறு. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனியில் பொற்கொடி வந்தார்,
காப்பீட்டுத் தாளில் ஒரு முத்திரைக்காக.
அது என் முத்திரை இல்லை. போகாமல் நின்றார்.
"அவுருகிட்ட எடுத்ததுல எதுவும் மிச்சம் இருக்கா?"
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
"ரத்தம் இல்லம்மா. ரத்தத்துல இருந்தது இருக்கு."
"உசுரோடயா?"
"உசுரோட."
குளிர்பெட்டியைப் பார்த்தார்,
தாழ்ப்பாளைப் பார்த்தார்.
"அதுக்குச் சோறு?"
ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுப்பி
ஆட்டு ரத்தம் கலந்த பாகில் வளர்ப்பேன் என்றேன்.
"அவுரு ஆட்டுக்கறி தொட மாட்டாரு"
என்றார். புகாரா, தகவலா,
இன்றுவரை தெரியவில்லை.

நேற்று முறை வந்தது. எழுப்பினேன்.
ஈராண்டு உறைந்து கிடந்த களைப்பே இல்லாமல்
விடிவதற்குள் தட்டை நிறைத்திருந்தது.
புதிதாக வந்த வில்லை ஒன்றை
அதன் நடுவில் வைத்திருந்தேன்.

ஒன்பது மில்லிமீட்டர்.

பதினெட்டாவது வேண்டும். பட்டியலில் இது தோல்வி.
விளக்கடியில் சாய்த்து மறுபடி அளந்தேன்.
ஒன்பதரை என்று எழுதக் கை போனது.
ஒன்பது என்றே எழுதினேன்.