கப்பலைப் பொறுத்தது

ஒன்பதாம் தளத்தில் காலைச் சாப்பாடு.
முலாம்பழத்தை அன்னமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள்,
யாரும் தொடவில்லை.
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி
எலிசேயு அட்டவணையை வாசித்தார்:
எட்டரைக்குப் பேருந்து. பத்துக்கு எபேசு.
பன்னிரண்டரைக்குச் சந்தை. மூன்றரைக்குள் கப்பல்.
பவுல் இங்கே மூன்று வருடம் இருந்தாராம்.
எங்களுக்கு இரண்டரை மணி நேரம்.

ஏதென்சில், மார்ஸ் மேடையில் வழுக்கி விழுந்தார் என் கணவர்.
முழங்கால் சிராய்ப்பைச் சாட்சி சொல்வதுபோல
லிப்ட்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.
தெசலோனிக்கேயில் ஒலிவம் விற்றவனிடம்
நிருபங்களைப் பற்றி விசாரித்தார்.
அவன் இன்னும் அரைக் கிலோ அள்ளிப் போட்டான்.

என் உள்ளாடையின் இடப்பக்கம்
சிலிக்கான் தைத்தது.
வெயிலில் அது தனியாகச் சூடேறும்,
என்னுடையதல்லாத ஏதோ ஒன்று
என்மேல் உட்கார்ந்து வியர்ப்பதுபோல.

கல் அரங்கில் லோண்ட்ரினா சபையார்
இருபத்தாறு பேரும் தொப்பியோடு அமர்ந்தோம்.
மூப்பர் எலிசேயு எழுந்து,
வெள்ளித் தட்டார்கள் பிழைப்புப் போய்விடுமென்று
தியானாளுக்காக இரண்டு மணி நேரம்
தொண்டை கிழியக் கூவிய கதையை
டிராக்டர் உதிரிபாகம் விற்கிற குரலில் வாசித்தார்.
ஆமென் சொல்லாதவர்கள் இரண்டே பேர்:
மேல்படியில் ஒரு பூனை, நான்.
அந்தத் தட்டார்களுக்கு
வீட்டில் எத்தனை பிள்ளைகளோ.

துறைமுகச் சந்தையில் ஒருவன்
'அசல் போலிக் கடிகாரங்கள்' என்று பலகை மாட்டியிருந்தான்.
அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.
அடுத்த கடை குல்செரெனுடையது.
நீலக் கண்மணிகள், ஒலிவமரச் சிலுவைகள்,
மாதா, அதே தட்டில் தியானாள்,
விரல் நீளம், பளிங்குத் தூளில் வார்த்தது.
கழுத்துக்குக் கீழே குலைகுலையாய்.
எண்ணினேன். பதினெட்டு.
இடுக்கில் இருந்ததைச் சேர்க்கவில்லை.

"இத்தனையும் மார்புதானா?"
கப்பல்களிடம் கற்ற போர்த்துகீசில் குல்செரென் சொன்னாள்:
"முட்டை என்பார்கள். பேரீச்சை என்பார்கள்.
காளையின் விதை என்று அடித்துச் சொன்னார் ஒரு ஜெர்மன்காரர்."
"நீங்கள்?"
"கப்பலைப் பொறுத்தது."

எட்டு மாதத்துக்குப் பிறகு
வயிறு பிடித்துக்கொள்ளச் சிரித்தேன்.
ஒன்று கடன் கொடேன்டி, என்று
பொம்மையிடம் முணுமுணுத்தேன்.
குல்செரெனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
என் இடப்பக்கத்தை ஒரு நொடி பார்த்தாள்,
செய்தித்தாளில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினாள்.
விலையைக் குறைக்கவில்லை.

கப்பல் வாசலில் எக்ஸ்ரே.
பெல்ட் நின்றது.
மிந்தனாவோக்காரப் பையன், புதுச் சீருடை,
திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
காகிதத்தைப் பிரித்தான்.
"மேடம், இது...?"
பின்னால் வரிசையில் சபை முழுக்க.
போதகரின் மனைவி கழுத்தை நீட்டினார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"திராட்சைக்குலை" என்றார் எலிசேயு.
"கானான் தேசத்தில் வேவுகாரர்கள் சுமந்து வந்தார்களே, அது."
முப்பத்தோரு வருடத்தில்
அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய்.
பையன் சிலுவை போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

ஜன்னல் இல்லாத அறை எங்களுடையது.
விளக்கடியில் அவளை நிறுத்தி வைத்து
வெகுநேரம் பார்த்தார்.
"எவ்வளவு?"
"இருபது யூரோ."
ஒன்றும் சொல்லவில்லை.
அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு
சிராய்ப்பு உறுத்த முழங்காலிட்டார்.

நீளமான ஜெபம். பத்மு வரைக்கும் போகும்போல.
எஞ்சின் அதிர்வில் மேசை நடுங்க
தியானாள் இம்மியிம்மியாகத்
திரும்பத் தொடங்கினாள்.
நான் பொத்தான்களைக் கழற்றினேன்.
கொக்கியையும் கழற்றினேன்.
விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

ஆமென் சொல்லிக் கண் திறந்தவர்
அப்படியே முழங்காலில் இருந்தார்.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
"பதினைந்துக்கு முடித்திருக்கலாம் நொயேமியா" என்றார்,
என்னைப் பார்த்தபடியே.