சக்குபந்தி

வரைபடத்தில் ஏற்ற இறக்கம் ஒன்பது மீட்டர்தான்.
“தட்டு மாதிரி ரோடு. கண்ண மூடிட்டு ஓடலாம்”
என்றாள் பிலோமின், பெயர் கொடுத்த அன்று.
தட்டை என்றால் சுலபம் என்று நானும் நம்பினேன்.

இருபது வருடமாகப் பத்திரம் எழுதும் கை.
ஹெக்டேர், ஆர், சென்டியார்:
இந்த ஊரில் ஒரு சாண் மேடு இருந்தாலும்
எனக்குத் தெரியாமல் கைமாறியிருக்காது.

பங்குனி. விடிகாலை நாலரை.
பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில்
ஆயிரம் பேர் கால்களிலிருந்து தைலவாடை.
கடல் இருட்டுக்குள் இருந்தது,
சத்தமாக மட்டும்.

நான்கு சுற்று.
சோலை நகர் வரை போய்
முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வழியாகத் திரும்ப வேண்டும்.
முதல் சுற்றில் யாருமே ஓடவில்லை,
வழுக்கிக்கொண்டு போனோம்.
குருசுக்குப்பத்தில் வலைமேல் படுத்திருந்த நாய்
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
அவசரமில்லாத விஷயம் என்று மறுபடி படுத்தது.
ஐந்து மணிக் கொடி பிடித்தவரைக்கூட முந்தினேன்.
அங்கேதான் தப்பு.

மேடு ஒன்று வந்திருந்தால்
அதன்மேல் பழி போட்டிருப்பேன்.
ஏறும்போது தொடை, இறங்கும்போது முட்டி என்று
வேலையாவது பிரிந்து போயிருக்கும்.
இங்கே ஒரே தசை, ஒரே வேலை.
ஒரே வரியை நாற்பதாயிரம் நகல்
எடுக்கச் சொன்ன மாதிரி.

இரண்டாம் சுற்றில் வலக் கன்னத்தில் வெயில்,
திரும்பினால் இடக் கன்னத்தில்.
மூன்றாவதில் அது பக்கம் பார்க்கவில்லை.
கடற்காற்று வரும் என்று சொல்லியிருந்தார்கள்.
வந்தது, ஒரு தடவை,
பொரித்த மீன் வாசனையோடு.

முப்பத்துமூன்றாம் கிலோமீட்டரில்
மனசுக்குள் எழுதியது:

கிழக்கே கடல்.
மேற்கே, எட்டு மணிக்குத் திறந்துவிட்ட சாலையில்
ஆரன் அடிக்கும் மீன்வண்டி.
வடக்கே ஓர் ஆரஞ்சுக் கூம்பு.
தெற்கே, கண்ணுக்கே படாத பிலோமின்.
இதற்குள் அடங்கிய இடது கெண்டைக்கால் ஒன்று,
வில்லங்கத்துடன்.

மணிக்கூண்டு மேசையில்
தர்பூசணித் துண்டில் உப்புத் தடவி நீட்டிய பையன்
“தமயந்தியக்கா, இன்னும் கொஞ்சம்தான்!” என்றான்.
யார் இவன், எப்படித் தெரியும் என்று
அரைக் கிலோமீட்டர் யோசித்தேன்.
நெஞ்சில் குத்திய எண்ணுக்குக் கீழே
என் பெயர் இருந்தது.
கொஞ்சம் என்பது ஓர் அளவே இல்லை, தம்பி.
எந்த ரிஜிஸ்தரும் ஏற்கமாட்டார்.

நாற்பத்திரண்டு முடிந்த பிறகும்
நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் பாக்கி,
கிரயத்தில் சேராமல் மூலையில் கிடக்கும்
துண்டு நிலம் மாதிரி.
அதை மட்டும் நடந்தே கடந்தேன்.
ஓடினேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

கழுத்தில் பதக்கம், புருவத்தில் உப்பு.
இரண்டு கால்விரல் நகம் கறுத்திருப்பதை
ஷூவைக் கழற்றாமலே தெரிந்துகொண்டேன்.
வில்லியனூர் பஸ் வந்து நின்றது.
மூன்று படி.

வரைபடத்தில் இந்த மூன்று படி இல்லை.
முன்னாலேயே ஏறிவிட்ட பிலோமின் கை நீட்டினாள்,
அவளாலும் குனிய முடியவில்லை.
இரண்டு கைகளுக்கும் நடுவே
ஒரு முழம் காற்று.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றார்.