தன்மை ஒருமை

புர்க்டோர்ஃப். செவ்வாய், காலை எட்டேகால்.
மொழிபெயர்ப்பவளின் கதிரை
எப்போதும் யன்னலோரம்தான்,
யாருடைய பக்கமும் இல்லை என்று காட்ட.
எங்கள் தொழிலில் ஒரு விதி:
"அவ சொல்லுறா" என்று தொடங்கக் கூடாது.
அவள் நான் என்றால்
நானும் நான்.

வதனி. நாற்பத்து மூன்று.
முதியோர் இல்லத்தின் சலவைக்கூடம்.
மூன்றாம் மாடிக்கு ஏறுகையில்
இரண்டாம் மாடியில் நின்று
எதையோ மறந்தவள்போல் பையைத் துழாவுபவள்.
ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்ன ஆசையாம்,
இரவில், உறைபெட்டியைச் சுரண்டி.
பக்கத்தில் கணவர், மடியில் குல்லாய்.

மருத்துவர் ஏஷ்லிமன் தாளைத் திருப்பினார்:
ஹீமோகுளோபின் எழுபத்தொன்று.
நூற்றிருபதாவது வேண்டும்.
ஜெர்மனில் இதற்குப் பேர் இரத்த வறுமை.
நான் தமிழில் சொன்னேன்: இரத்தசோகை.
அங்கே இல்லாமை, இங்கே சோகம்.
எதை வைத்து எதை எடுத்தேன் என்று யோசிக்க
அடுத்த வாக்கியம் விடவில்லை.

பேனையால் ஒரு வட்டு வரைந்தார்,
ஓட்டை விழுமுன் விரலை எடுத்துவிட்ட
உழுந்து வடைபோல.
சிவப்பணு.
என்பு மச்சையில் பிறந்து
வெளியே வருமுன்
தன் கருவையே கழற்றிப் போட்டுவிடும்.
ஏன்? இடம் வேண்டுமாம்,
அங்கேயும் காற்றைச் சுமக்க.
நூற்றிருபது நாள் ஓட்டம்,
தன்னிலும் ஒடுங்கிய சந்துகளில் மடங்கி மடங்கி.
பிறகு மண்ணீரலில் உடையும்.
இரும்பை மட்டும் உடம்பு
பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும்.

"அப்ப என்ரை இரும்பு எங்கை போச்சுது?"
என் இரும்பு எங்கே போனது, என்றேன் ஜெர்மனில்.
மருத்துவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு
அவளைப் பார்த்தார்.

இறைச்சி? வெள்ளி செவ்வாய் இல்லை;
மற்ற நாளில், எல்லாரும் போட்டது போக மிச்சம்.
தேத்தண்ணி? சோறு தின்ற கையோடு.
கறுப்பாய் மலம்? இல்லை.
குடும்பத்தில் தலசீமியா?
அப்படியொரு சொல்லை அவள் கேட்டதே இல்லை.
மாதவிடாய்?
"வழமைதான்," என்றார் கணவர்.
அதையும் பெயர்த்தேன்.
அந்த வாக்கியத்தில் நான் இல்லை.

"காருக்கை நீல வட்டு வைச்சனீங்களே?"
"வைச்சனான்."
"ஒருக்காப் போய்ப் பாருங்கோ.
இஞ்சை உடனை தண்டம் எழுதிப்போடுவாங்கள்."
கதவு சாத்திற்று.
படிகளில் காலடி இறங்கி முடியும்வரை
வதனி விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது நாள். கட்டி கட்டியாப் போகுது.
ரண்டு துவாய் மடிச்சுப் போட்டுத்தான் படுக்கிறன்.
ஏழு வருசமாக் கறுத்தக் காற்சட்டை தவிர
வேறை வாங்கேல்லை.
எல்லாருக்கும் இப்பிடித்தானெண்டு நினைச்சன்."

நான் ஒன்பது நாள் குருதி இழக்கிறேன், என்றேன்.
நான் இரண்டு துவாய்களை மடித்துப் போட்டு
உறங்குகிறேன்.
விதிப்படி, தன்மை ஒருமையில், குரல் ஏறாமல்.
எனக்குத் துவாய் மூன்று
என்பதைச் சொல்ல
அங்கே யாரும் என்னை அழைக்கவில்லை.

கருப்பையில் நார்க்கட்டியாக இருக்கலாம்,
ஸ்கேன் எடுப்போம் என்றார் மருத்துவர்.
கணவர் வந்து குல்லாயை மீண்டும் மடியில் வைத்தார்.
வட்டு சரியாய்த்தான் இருந்ததாம்.
இன்னும் நாற்பது நிமிடம் இருக்காம்.

இரண்டு கிழமை கழித்து
வதனியின் கைநரம்பில் இரும்பு இறங்கியது,
சாயம் கூடிய பிளேன்ரீ நிறத்தில்.
"இதையும் சாப்பிட்ட உடனை குடிக்கக் கூடாதோ?"
பெயர்த்தேன். தாதிக்குச் சிரிப்பு விளங்கவில்லை.
நாங்கள் இருவரும் சிரித்தோம்.

படிவத்தில் நேரத்தைக் குறித்து
கையெழுத்திட்டபின்
வரவேற்பு மேசையில் நின்றேன்.
யாருக்கு நேரம் பதிய வேண்டும், என்று கேட்டாள் அந்தப் பெண்,
தலையை நிமிர்த்தாமலே.
ஜெர்மனில் அது மூன்றெழுத்துச் சொல்.
பத்தொன்பது வருடமாகப்
பிறருக்காகச் சொல்லிப் பழகிய சொல்.